டெஸ்ட் மெயில்

எங்கள் முதலாளி லிங்கசாமியின் மகன் நித்தீஷ் எம்.பி.ஏ. முடித்துவிட்டுக் கம்பெனிக்கு வரத் தொடங்கியதிலிருந்து எனக்குச் சாப்பாடு ஒழுங்காக இறங்குவதில்லை. நான் இந்துமதி. அவிநாசி ரோட்டை ஒட்டிய பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் மெர்ச்சன்டைசர். அதாவது வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிற பையருக்கும் இங்கே தைக்கிறவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து, இரண்டு பக்கத்து ஏச்சையும் வாங்கிக்கொண்டு மெயில் அனுப்புகிற வேலை. கம்பெனிக்கு வருகிற ஒவ்வொரு மெயிலும் என் கண்ணில் பட்டுத்தான் போகும். அதனால்தான் அந்தக் கருமம் என் தலையில் விடிந்தது.

கருமத்துக்குப் பெயர் ஹூக்.

"சிம்பிளுங்க்கா," என்றான் நித்தீஷ். "நம்ம மெயில் பாக்ஸுக்கு எந்த மெயில் வந்து உளுந்தாலும் இந்தப் புரோகிராம் தானா ஓடும். அடியில இருக்கற பேரு, போன் நம்பரு, கம்பெனி பேரு, எல்லாத்தையும் புடிச்சு ஒரு கான்டாக்டா சேத்துப்போடும். அப்பா போனு, தரணி மாமா போனு, உங்க போனு, அத்தன இன்சார்ஜ் போனுக்கும் அது தானாப் போயிரும். மெயிலோட மொதல் ரெண்டு வரியும் நோட்ஸ்ல ஏறிக்கும். போன் வந்தா யாரு, எதுக்குன்னு ஸ்கிரீன்லயே தெரிஞ்சுபோகுமில்லீங்க?"

"எனக்கு எதுக்கு சாமி இதெல்லாம்?"

"நீங்கதானுங்க்கா டெஸ்ட் பண்ணோணும். எந்த மெயில் எப்படி வரும்னு உங்களுக்குத்தான தெரியும்?"

சரி என்று உட்கார்ந்தேன். தனியாக ஒரு மெயில் பாக்ஸ் திறந்து, நானே பையர் மாதிரி, ஏஜென்ட் மாதிரி, சாயப்பட்டறைக்காரர் மாதிரி, அட்டைப்பெட்டிக்காரர் மாதிரி விதவிதமாக மெயில் எழுதி அனுப்பினேன். ஹூக் ஓடியது. ஓடி, மரியாதைக்கு அடியில் போடும் 'வார்ம் ரிகார்ட்ஸ்' என்பதைப் பெயராக்கி ஒரு ஆளைச் சேர்த்தது. ஆர்டர் நம்பரை போன் நம்பர் என்று எடுத்துக்கொண்டது. லீவில் இருக்கிறேன் என்று தானாக வரும் பதிலைப் பிடித்து, லீவையே ஒரு கம்பெனியாக்கி வைத்தது. நித்தீஷ் ஒவ்வொன்றுக்கும் விழுந்து விழுந்து சிரித்தான். நான் ஒவ்வொன்றாகக் குறித்துக் கொடுத்தேன், அவன் சரிசெய்தான், மறுபடி அனுப்பினேன். வேலையில் தப்புச் சொல்ல முடியாது. சொன்னதைச் செய்தது அந்த ஹூக். எனக்குப் பிரச்சினை அதன் வாயில் எந்த மெயிலெல்லாம் விழப்போகிறது என்பதில்தான் இருந்தது.

எங்கள் கம்பெனியில் மெயில் முகவரி என்னவோ நிறைய உண்டு. அக்கவுன்ட்ஸுக்கு ஒன்று, சாம்பிளுக்கு ஒன்று, பையருக்கு ஒன்று. ஆனால் எல்லாம் வந்து விழுவது ஒரே பாக்ஸில். தனித்தனியாக வாங்கினால் தனித்தனியாகச் செலவு என்று முதலாளி அப்படி வைத்திருக்கிறார். அந்த முகவரிகளில் ஒன்று, தொழிலாளர்கள் புகார் அனுப்ப வேண்டியது. பையர்காரன் கேட்டதற்காகக் கேன்டீன் சுவரில் அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். 'உங்கள் பெயர் ரகசியமாக வைக்கப்படும்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த ரகசியத்துக்குப் பாஸ்வேர்டு ஆபீஸில் பாதிப் பேருக்குத் தெரியும்.

தெரிந்தால் என்ன, அதற்கு யார் மெயில் போடப்போகிறார்கள் என்பதுதான் எல்லோருடைய நினைப்பும். போடுகிறவர் ஒருவர் உண்டு. எங்கள் ஹெச்.ஆர். தண்டாயுதபாணி. தொழிலாளர்களை எப்படி நடத்துகிறோம் என்று பார்க்கப் பையர் அனுப்பும் ஆடிட் வருவதற்கு முன்னால் உட்கார்ந்து, யாராவது தொழிலாளி பெயரில் அவரே புகார் எழுதுவார். டீயில் சர்க்கரை குறைவு. ஃபேன் சத்தம் போடுகிறது. பிறகு அவரே பதிலும் எழுதுவார்: நடவடிக்கை எடுக்கப்பட்டது. ஒரு புகாரும் இல்லாத கம்பெனி என்றால் ஆடிட்டருக்குச் சந்தேகம் வருமாம். அதற்காகப் பதமாக, வாசனைக்கு, கொஞ்சம் புகார். இதை இங்கிலீஷில் மாற்றிக் கொடுப்பது என் வேலை. மாற்றிக் கொடுத்த நாளிலெல்லாம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவேன்.

"அந்தப் புகார் முகவரிக்கு வாறதை மட்டும் ஹூக்குல இருந்து எடுத்துப்போடு கண்ணு," என்று நித்தீஷிடம் சொன்னேன்.

"அட, அதுக்கு யாருங்க்கா போடறாங்க? தண்டபாணி அண்ணன்தான?"

"என்னைக்காவது நெசமாலுமே ஒருத்தர் போட்டுட்டா? பேரும் நம்பரும் அத்தன பேரு போன்லயும் போய் உக்காந்துக்கும். அந்த நோட்ஸ் வேற."

"சரிங்க்கா, மொதல்ல லைவ் போயிரலாம். அப்பா கேட்டுட்டே இருக்கறாரு. அப்புறம் எடுத்துக்கலாமுங்க."

இன்னொரு தரமும் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். அப்பாவுக்குக் காட்டுகிற அவசரத்தில் அந்த 'அப்புறம்' வரவே இல்லை. ஹூக் லைவாகப் போனது, கம்பெனியின் நிஜ மெயில் பாக்ஸிலேயே ஓடத் தொடங்கியது. முதலாளி தன் போனில் பையர் பெயர்கள் வந்து நிற்பதைப் பார்த்து எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார்.

லட்டு வாசம் போவதற்குள் அந்த மெயில் வந்தது.

மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். போன் சிணுங்கியது. புது கான்டாக்ட். பெயர்: நாகஜோதி. கம்பெனி: செக்கிங் செக்ஷன். கீழே அவள் நம்பர். அதற்கும் கீழே நோட்ஸ்: 'ஐயா, தரணி சார் என்னை ஸ்டோர் ரூமுக்குத் தனியாக வரச் சொல்லி மேலே கை வைக்கிறார். வரமாட்டேன் என்றால் தங்கச்சியை அனுப்பு என்கிறார்.'

வாயில் இருந்த சோற்றைத் துப்பினேன்.

தரணி என்கிற தரணீதரன் எங்கள் புரடக்ஷன் மேனேஜர். முதலாளியம்மாவின் கூடப்பிறந்த தம்பி. நாகஜோதி கமுதிப் பக்கத்திலிருந்து வந்த பெண். அவளும் அவள் தங்கச்சியும் கம்பெனி ஹாஸ்டலிலேயே தங்கி வேலை பார்க்கிறார்கள். மொபைல் கடைப் பையன் தன் கடைப் பெயரிலேயே அவளுக்கு ஒரு மெயில் ஐடி போட்டுக் கொடுத்திருக்கிறான். அதிலிருந்து அனுப்பியிருந்தாள். யார் அனுப்பியது என்று மேலே தெரியாது. ஆனால் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தபடி மரியாதையாக, அடியில் 'இப்படிக்கு' போட்டுப் பெயரும் நம்பரும் எழுதிவிட்டாள். ஹூக்குக்கு வேண்டியது அதுதானே?

மெயிலை முழுக்கத் திறந்து படித்தேன். கடைசி வரியில், 'என் பெயரை யாருக்கும் சொல்லாதீர்கள்' என்று இருந்தது. முதல் இரண்டு வரி அத்தனை போனுக்கும் போய்விட்டது. இந்த வரி போகவில்லை.

நித்தீஷ் அறைக்கு ஓடினேன். அவனும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் மலர்ச்சி. "அக்கா, பாத்தீங்களா! தமிழ் மெயில்ல இருந்துகூடக் கரெக்டாப் பேரப் புடிச்சிருச்சு!"

ஒரு பிள்ளையைப் பெற்று, வளர்த்து, படிக்கவைத்து, இந்த லட்சணத்துக்குக் கொண்டுவந்து நிறுத்த எத்தனை பாடு பட்டிருப்பார்கள்! "நோட்ஸப் படி," என்றேன். படித்தான். மலர்ச்சி வடிந்தது. "அய்யோ, மாமா," என்றான். நாகஜோதியை நினைத்து ஒரு அய்யோ அவன் வாயிலிருந்து வரவில்லை.

"உடனே அந்தக் கான்டாக்ட அழி."

அழித்தான். ஆனால் ஏற்கெனவே போனுக்குள் போய்ச் சேர்ந்தது அங்கங்கே நின்றது நின்றதுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின்களுக்கு நடுவே தரணீதரன் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு தரம் படித்திருப்பான். பிறகு பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, செக்கிங் டேபிள் பக்கம் திரும்பி, அவசரமில்லாமல் சிரித்தான். 

டீ நேரத்துக்குள் நாகஜோதியைத் தண்டாயுதபாணி தன் அறைக்குக் கூப்பிட்டுவிட்டார். கதவு சாத்தியே இருந்தது. அவள் வெளியே வந்தபோது நான் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் காத்திருந்தேன்.

"யக்கா, நான் அந்த மெயிலை அனுப்பவே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டேன்," என்றாள்.

"ஏன்டி பொண்ணே?"

"வேற என்னத்தச் செய்யச் சொல்றீக? இன்னிக்கே ஹாஸ்டலைக் காலி பண்ணுன்னாக. தங்கச்சிக்கும் வேலை இல்லைன்னாக. ஊர்ல எங்கப்பனுக்குப் போன் போட்டு, ஒம்மக நடத்தை சரியில்லைன்னு சொல்லவான்னு கேக்குறாக. யக்கா, ஒங்க காலைத் தொட்டுக் கேக்குறேன். அது நான் எழுதுனதுன்னு மட்டும் யார்ட்டயும் சொல்லிப்புடாதீக."

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். இந்தத் தரணீதரன் என்னிடம் இப்படி வந்ததில்லை. வரமாட்டான். நான் பக்கத்திலேயே இருக்கும் பொங்கலூர்க்காரி. என் அண்ணன்கள் யார், பங்காளிகள் யார் என்று அவனுக்குத் தெரியும். கேட்க ஆள் இருக்கிறவளை விட்டுவிட்டு, அப்பன் கமுதியில் இருக்கிறவளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறான். அதிலும் ஒரு கணக்கு, ஒரு பக்குவம். தூ.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

"வாங்க அம்மிணி, உக்காருங்க. காப்பி சொல்லட்டுங்களா?" என்றார். எங்கள் ஊர் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. கழுத்தை நெரித்தாலும் 'வலிக்குதுங்களா' என்று கேட்டுக்கொண்டேதான் நெரிப்பார்கள். தண்டாயுதபாணி ஒரு பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூலையில் தரணீதரன், குண்டூசியால் பல்லைக் குத்திக்கொண்டு, யார் வீட்டு விஷயமோ மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நித்தீஷ் தலையைக் குனிந்திருந்தான்.

"நாளக் கழிச்சு ஆடிட்டுங்க," என்று தண்டாயுதபாணி தொடங்கினார். "அந்த மெயில டெலீட் பண்ணுனா மாட்டிக்குவோம். இப்ப வாற ஆடிட்டருங்க அழிச்சது, கிழிச்சது எல்லாத்தையும் தோண்டிப் பாக்கறாங்க. அதனால மெயில் இருக்கட்டும். அந்தப் புள்ளையும் நான் அனுப்பலன்னு எழுதிக் குடுத்திருச்சு. இப்ப அதை ஆராவது அனுப்பியிருக்கோணுமில்லீங்க?"

"அதுக்கு?"

"நீங்கதான் இந்த ஹூக்குக்கு டெஸ்ட் மெயிலாப் போட்டுட்டு இருந்தீங்க. இதுவும் அதுல ஒண்ணு. அவ்வளவுதானுங்க."

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் ஒரு பெரிய மனிதர். கோயில் கும்பாபிஷேகத்துக்கு முன்வரிசையில் நிற்கிறவர். பெண் பிள்ளை பெற்றவர். "உங்க மச்சினன் பண்ணுனது உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டேன்.

"அதை நான் ஊட்டுல பேசிக்கறனுங்க," என்றார். "இப்ப கம்பெனிதான் முக்கியம். எத்தன குடும்பம் இதை நம்பிச் சோறு திங்குது, சொல்லுங்க. உங்க ஊட்டுக்காரரு பொன்னுச்சாமி அனுப்பற அட்டைப்பெட்டிகூட நம்முளுக்குத்தானுங்களே?"

அதுவும் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பொன்னுச்சாமியின் சின்ன அட்டைப்பெட்டித் தொழிலை இந்தக் கம்பெனி நினைத்தால் ஒரே வாரத்தில் படுக்கவைத்துவிடலாம். அதைச் சொல்லும்போதும் அவர் குரலில் அன்பு வழிந்தது. அந்த அன்பில்தான் எனக்கு அதிகம் அருவருப்பு.

பேப்பரை வாங்கிப் படித்தேன். தயாராக டைப் செய்திருந்தார்கள். 'நாகஜோதி என்ற பெயரில் வந்த மெயிலை எழுதி அனுப்பியது நான். புதிய மென்பொருளைச் சோதிப்பதற்காக அந்தப் பெயரைப் பயன்படுத்தினேன். நாகஜோதிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.' முதலாளியும் தண்டாயுதபாணியும் ஏற்கெனவே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

அப்போது என் மனசில் வீரமோ யோசனையோ எதுவும் இல்லை. அந்த மெயில் நாகஜோதியுடையது என்று சொல்ல முடியாது, அவள் காலைத் தொட்டுக் கேட்டிருக்கிறாள். கையெழுத்துப் போடமாட்டேன் என்றால் மறுபடி அவளைத்தான் கூப்பிட்டு நிறுத்துவார்கள். அந்த அறையிலிருந்து வெளியே வந்தால் போதும் என்றிருந்தது. போட்டேன். தரணீதரன் குண்டூசியைத் துடைத்துச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டான். "அக்கா நம்ம குடும்பத்து ஆளாட்டம்," என்றான். அவன் வாயிலிருந்து அக்கா என்ற சொல் வந்து என் மேல் எச்சில் மாதிரி ஒட்டியது.

மறுநாள் காலையில் நாகஜோதி என்னைத் தேடி மாடிக்கே வந்துவிட்டாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள். "யக்கா, நீங்க எழுதுனதுன்னு சொல்லிட்டீகளாம்ல. நல்லாருப்பீக. எங்களைக் காப்பாத்திவிட்டீக," என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஸ்டோர் ரூம் அப்படியேதான் இருக்கிறது, அவனும் அப்படியேதான் இருக்கிறான், தங்கச்சியும் இங்கேதான் இருக்கிறாள். அதற்கு நன்றி சொல்லிவிட்டுப் போகிறாள் இந்தப் பெண். எனக்கு என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அன்று முழுக்க ஒரு வாய் இறங்கவில்லை. பொன்னுச்சாமி என்ன என்று கேட்டதற்கு, வயிறு சரியில்லை என்று சொன்னேன். பொய்யும் இல்லை.

ஆடிட்டுக்கு வந்தது பெங்களூரிலிருந்து ஒரு அம்மா. என் வயதுதான் இருக்கும். தமிழ் நன்றாகப் பேசினார். அன்று கம்பெனி கல்யாண வீடு மாதிரி இருந்தது. கக்கூஸில்கூட ஊதுபத்தி வாசம். தண்டாயுதபாணியின் டீ சர்க்கரைப் புகார்களையும் ஃபேன் புகார்களையும் அந்த அம்மா அமைதியாகப் பார்த்துக்கொண்டே வந்து, அந்த மெயிலில் நின்றார். முழுக்கப் படித்தார். மறுபடி மேலே போய்ப் படித்தார்.

"இது என்ன?"

கேட்டு முடிப்பதற்குள் தண்டாயுதபாணி இரண்டு பேப்பரையும் எடுத்து மேஜையில் வைத்துவிட்டார். ஒன்று நாகஜோதி எழுதிக் கொடுத்தது, ஒன்று நான் கையெழுத்துப் போட்டது. "டெஸ்ட் மெயிலுங்க மேடம். புது சாஃப்ட்வேர் ஒண்ணு ஓட்டிப் பாத்துட்டு இருக்கறமுங்க. இந்தம்மாதான் எழுதினது," என்றார். முதலாளியும் ஆமாங்க என்று தலையாட்டினார்.

அந்த அம்மா நாகஜோதியைக் கூப்பிட்டுத் தனியாகப் பேசினார். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். பிறகு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். முதலாளியும் தண்டாயுதபாணியும் கூடவே வந்து உட்கார்ந்தார்கள்.

"இந்தக் கையெழுத்து உங்களோடதா?"

"ஆமாங்க."

"மெயில் நீங்க எழுதினதா?"

"ஆமாங்க."

அந்த அம்மா பேனாவை மூடவில்லை. "உங்க மத்த டெஸ்ட் மெயிலெல்லாம் பார்த்தேன். பையர் மாதிரி, சப்ளையர் மாதிரி எழுதியிருக்கீங்க. எல்லாம் வேலை விஷயம். டெஸ்ட்டுக்கு இப்படி ஒண்ணை எதுக்கு எழுதணும்?"

நான் பதில் யோசிப்பதற்குள் முதலாளி சிரித்தார். மனசு விட்டு, தொப்பை குலுங்க. "அது ஏதாச்சு சினிமாப் பாத்துட்டு எழுதியிருக்குமுங்க மேடம். நம்ம பொம்பளைங்களுக்குக் கற்பனைக்கா பஞ்சம்?"

தண்டாயுதபாணியும் சிரித்தார்.

மெயிலில் இருந்த ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடமாகியிருந்தது. பார்சல் கட்டும் கயிற்றை எடுத்து வா என்று அனுப்புவதும், பின்னாலேயே வந்து கதவைச் சாத்துவதும், சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் கம்ப்ரெஸரைப் போட்டுவிடுவதும். இதைத்தான் இவர் கற்பனை என்கிறார். இவர் வாங்கித் தந்த காப்பியை நான் குடித்திருக்கிறேன். இவர் கொடுத்த லட்டைத் தின்றிருக்கிறேன். அத்தனையும் தொண்டைக்கு ஏறி வந்தது.

"மேடம்," என்றேன். "எழுதினது நாந்தானுங்க. ஆனா டெஸ்ட் இல்லீங்க."

சிரிப்பு நின்றது.

"எம் பேரப் போடப் பயந்துட்டுத்தான் நாகஜோதி பேரையும் நம்பரையும் போட்டனுங்க. அந்தப் புள்ளைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. இவங்க ரெண்டு பேரும் அதுல சாட்சிக் கையெழுத்தே போட்டிருக்கறாங்க, பாருங்க. பேரு மட்டுந்தான் பொய்யிங்க. மத்ததெல்லாம் நெசமுங்க."

தண்டாயுதபாணி வாயைத் திறந்தார். எழுதியது இவள் இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால், பிறகு யார் எழுதியது? திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். முதலாளி அந்தப் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார், அது மேஜையில் அந்த அம்மாவின் கைக்கு அடியில் இருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியே இருங்க," என்றார் அந்த அம்மா.

"இல்லீங்க மேடம், இந்தம்மாவுக்கு ரெண்டு நாளா ஒடம்பு..."

"வெளியே இருங்க சார்."

போனார்கள். கதவு சாத்தியது. அப்போதுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. இது சாயங்காலத்துக்குள் பல்லடம் ரோடு தாண்டிப் பொங்கலூர் போய்விடும். மாமியார் காதுக்குப் போகும். தெருவில் நடக்கும்போது ஒவ்வொருத்தியும் என்னைப் பார்த்து, ஸ்டோர் ரூமில் என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பாள். அண்ணன்கள் அரிவாளைத் தூக்குவார்களா, என்னைத் தலைமுழுகுவார்களா தெரியாது. பொன்னுச்சாமி நம்புவாரா, நம்பிவிட்டு என்னைத் தொடுவாரா, அதுவும் தெரியாது. நடக்காத ஒன்றை நடந்தது என்று சொல்லி என் மேல் நானே அள்ளிப் பூசிக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், பயத்தில் வேர்த்து ஊற்றியது.

அந்த அம்மா தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். புதுப் பக்கம் திருப்பினார்.

"யார் அந்த ஆள்?"

"தரணீதரனுங்க. புரடக்ஷன் மேனேஜர். மொதலாளியோட மச்சினன்."

"முதல் தடவை எங்கே நடந்தது?"

"ஸ்டோர் ரூம்லங்க," என்றேன். "பார்சல் கட்டற கயித்த எடுத்துட்டு வான்னு என்னைய அனுப்புனாருங்க."